ஆறு பேர் சோறு

நஸீறாவிடம் ஜுனைதா சொன்னதெல்லாம் உண்மை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றால் வந்த வினைதான் இந்தக் கதை. ஜுனைதாவைத் திட்டுவதாக இருந்தால் முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். இடையில் வேண்டாம்.

ஜுனைதா மருதமுனையில் பிறந்து சாய்ந்தமருதுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நாற்பத்தொரு வயது. மூன்று வருடத்துக்கு முன்னர் அவளுக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் மருந்துக் குளிசை குடித்தாள், சுகமானாள். நோய் போனது, பெயர் போகவில்லை. அதிகாலையில் இடியப்பம் அவித்து மூன்று கடைகளுக்குக் கொடுத்து வந்தவள் அவள். "இப்ப சனம் இடியப்பம் தின்றது குறைவு ராத்தா" என்று மூன்று கடைக்காரரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். அடுத்த தெருக்காரியின் இடியப்பம் அதே கடைகளில் எட்டு மணிக்கு முன்னமே முடிந்துபோய்க்கொண்டிருந்தது. ஜுனைதா பிழிவதை இப்போது அவளுடைய கணவன் முகம்மது தம்பி மட்டும்தான் தின்கிறான். நல்ல மனிதன். "ஊரே தின்டத இப்ப நான் தனியத் தின்றன், நான் ராசாகா" என்று பகிடி விடுவான். அவள் சிரிப்பாள். பிறகு தையல் மெசினில் போய்க் குந்திவிடுவாள். தைத்த சட்டையை மட்டும் யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. துவைத்துவிட்டு உடுக்கலாம்தானே.

அப்படி இருந்தவளைத்தான் கல்முனை நெஞ்சுக் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாக நோய் கண்டவர்களின் வீட்டுக்குக் காலையில் போய், அவர்கள் குளிசை குடிப்பதைக் கண்ணால் கண்டு, மருந்து அட்டையில், எங்கள் பேச்சில் காட்டில், அன்றைய கட்டத்தில் அடையாளம் போட்டு, நாலு வார்த்தை கதைத்துவிட்டு வரவேண்டும். அதற்கு நோயிலிருந்து எழும்பி வந்த ஆட்கள் வேண்டுமாம். பெனடிக் என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்தான் இதைச் சொன்னார். ஊருக்கு அவர் பீ.எச்.ஐ. சேர்.

"நான் சொன்னா சனம் தலையாட்டிப்போட்டுப் போயிரும் தங்கச்சி. நோய் வருத்தம் வந்து மாறின ஆள் சொன்னாத்தான் நெஞ்சுக்குள்ள போகும். பெரிய படிப்பொண்டும் வேணாம். உங்கட கதையச் சொல்லுங்க, தைரியம் குடுங்க. அவ்வளவுதான்."

யாருடைய நோயையும் வெளியில் சொல்லமாட்டேன் என்று ஒரு தாளில் ஒப்பம் வாங்கினார்கள். ஜுனைதா சந்தோசமாக வைத்தாள். தன் பெயர் எப்படி வெளியில் போனது என்று அவளுக்குத் தெரியும்.

நஸீறா அவளுக்குக் கிடைத்த மூன்றாவது ஆள். படகுக்காரர் ஸைனுலாப்தீனின் மனைவி, ஜுனைதாவின் வயதுதான். முதல் நாள் காலை கேற்றைத் திறந்தவுடனேயே சொல்லிவிட்டாள்.

"நாளைக்குத்தொட்டு பின்பக்கத்தால வாங்க. ஆராச்சும் கேட்டா சட்டைக்கு அளவெடுக்க வந்தண்டு செல்லுங்க."

"ஆறு மாசமும் அளவெடுத்தா உங்கட அலுமாரி கொள்ளாதேகா."

நஸீறா சிரிக்கவில்லை. ஆனால் குளிசையைக் குடித்தாள்.

நாலாம் நாள் ஜுனைதா போனபோது நஸீறா கிணற்றடியில் குந்தி அழுதுகொண்டிருந்தாள். "ரத்தம் போகுது ஜுனைதா. சிறுநீரெல்லாம் சிவப்பு. நான் மௌத்தாகப் போறன். தொழக் கழுவின வுழூ நிக்குமோ தெரியா, தொழுறதும் கூடுமோ தெரியா."

"ரத்தமில்ல, அது குளிசைட சாயம். எனக்குக் கண்ணீர்கூட அந்த நிறத்துலதான் வந்திச்சி. வேணுமெண்டா அழுது பாருங்க."

"அழுதுட்டுத்தானேகா இரிக்கன்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கிணற்றுக்கட்டில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. அன்றிலிருந்து 'நீங்க' போய் 'நீ' வந்தது. ஜுனைதா சொல்வதெல்லாம் அப்படியே பலித்தது. முதல் மாதம் சோறு மணத்தாலே வயிறு குமட்டும் என்றாள், குமட்டியது. முழங்கால் குத்தும் என்றாள், குத்தியது. மூன்றாம் மாதம் உடம்பு தேறி, 'இனி என்னத்துக்கு இந்தச் சனியன்' என்று மனம் சொல்லும், அப்போதுதான் விடக்கூடாது என்றாள். நஸீறா எல்லாவற்றையும் ஓதல் பாடம் மாதிரிக் கேட்டு வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் முடிந்து சளி சோதித்தார்கள். கிருமி இல்லை. அந்தச் சோதனைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நஸீறா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப நான் சஹன்ல குந்தலாமா?"

எங்கள் விருந்துகளில் ஆளுக்கொரு பீங்கான் வைப்பதில்லை. பெரிய தட்டம் ஒன்றில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியும் கோழியும் வைத்து, ஆறு பேர் சுற்றிக் குந்தி அந்த ஒரே தட்டத்தில் கை போட்டுத் தின்பார்கள். அதுதான் சஹன். பசிக்குத் தின்பது மட்டுமல்ல அது. நீ யாருடன் குந்துகிறாய் என்பதில்தான் நீ யாருடைய ஆள் என்பது இருக்கிறது. நஸீறா இல்லாத சஹனில் பெண்களுக்குக் கலகலப்பு இருக்காது. ஐந்து பேர் குந்திவிட்டு ஆறாவது ஆளுக்கு அவளைத்தான் தேடுவார்கள். நோய் கண்ட நாளிலிருந்து அவள் ஒரு விருந்துக்கும் போகவில்லை. காய்ச்சல், கால்வலி என்று ஏதாவது சொல்லிச் சமாளித்து வந்தாள்.

"குந்தலாம்" என்றாள் ஜுனைதா. "கோப்பையால, சோத்தால இந்த வருத்தம் தொத்துறல்ல. இருமுற காத்தாலதான். இப்ப உன்ட காத்தும் சுத்தம்."

"அது டொக்டர்ட கதை. நீ குந்தினயா? உன்னோட ஆக்கள் குந்தினாங்களா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சுகமாகி இத்தனை காலத்தில் ஜுனைதா ஒரு சஹனிலும் குந்தியதில்லை. யாரும் அவளை வரவேண்டாமென்று சொன்னதுமில்லை. "நீங்க வெயிலுக்குள்ள கஷ்டப்பட்டு வரத் தேவல்ல, நாங்க அனுப்பி வைக்கிறம்" என்பார்கள். பகல் இரண்டு மணிக்குப் பார்சல் வந்து சேரும். அன்பாகத்தான் அனுப்புவார்கள், இறைச்சித் துண்டுகூட இரண்டு அதிகமாகவே இருக்கும். போன மாதம் மருதமுனையில் அவளுடைய சொந்தக் காக்காவின், கூடப்பிறந்த அண்ணனின், மகளுக்குக் கல்யாணம். அங்கேயிருந்தும் பார்சல்தான் வந்தது.

நஸீறா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தைரியம் குடுங்க என்று பெனடிக் சேர் சொன்னது ஜுனைதாவின் காதில் கேட்டது.

"ஏன் குந்தாம? போன மாசம் காக்காட மகள்ட கலியாணத்துல ஆறு பேரோட குந்தித்தான் தின்டன். பக்கத்துல இரிந்தவ கோழிக்காலப் பிச்சி என்ட பக்கம் வெச்சா."

சொல்லும்போது அந்தக் கோழிக்கால் அவளுக்கே கண்ணில் தெரிந்தது. நஸீறா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

நாலாம் மாதம் நடுவில் ஸைனுலாப்தீனின் தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. நஸீறா புதுச் சாரி உடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலை ஜுனைதா வழக்கம்போலப் பின்பக்கத்தால் போனாள். கதவு பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு முன்னால் வந்தால், தெருவில் போகிற வருகிற ஆட்கள் பார்க்க, கேற்றைப் பிடித்துக்கொண்டு நஸீறா நிற்கிறாள்.

"உள்ளுக்கு வராத. அங்கயே நில்லு."

"என்னகா, குளிசை..."

"குளிசைய வெச்சிட்டு நான் கதைக்கிறதக் கேளு. அஞ்சு பேர் குந்தி இரிந்தாங்க, ஆறாவதா நான் போய்க் குந்தினன். கெண்டியில தண்ணி வந்திச்சி, கை கழுவினம். சஹன் வந்திச்சி. நான் பிஸ்மி செல்லிக் கை வெச்சதுதான். ஒருத்தி எழும்புறா, புள்ள அழுறானாம். புள்ள அவட மடியில நித்திரை! மத்தவளுக்குக் கேஸ்டிக்காம். மத்தவ ஒண்டும் செல்லல்ல, எழும்பிப் போயிட்டா. அவ எவ்வளவோ மேல், பொய் செல்லல்ல. மிச்சம் ரெண்டு பேரும் கை கழுவின கையத் திரும்பக் கழுவப் போனாங்க, வரவேயில்ல. ஆறு பேர் சோறு ஜுனைதா! ஆறு பேர் சோத்துக்கு முன்னால நான் ஒருத்தி. தின்னவும் ஏலா, எழும்பவும் ஏலா. கெண்டி தூக்குற புள்ள வந்து கேக்குறா, மத்த ஆக்கள் எங்க சாச்சி எண்டு."

ஜுனைதா வாயைத் திறந்தாள். நஸீறா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னும் இரிக்கி. மருதமுனைக்காரி ஒருத்தி வந்து பக்கத்துல நிண்டா. உன்ட காக்காட பொண்டாட்டிட தங்கச்சியாம். நான் ரோசத்துல செல்றன், உங்கட கலியாணத்துல ஜுனைதா சஹன்ல குந்தித் தின்டாதானே, அவக்கும் இந்த வருத்தம்தானே எண்டு. அவ என்ன செல்றா தெரியுமா? ஜுனைதாவா, அவக்கு நாங்க எப்பவும் பார்சல்தானே அனுப்புற, எண்டு."

தெருவில் மீன்காரன் ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தான்.

"உனக்குத் தைரியம் குடுக்கத்தான் நஸீறா... அது ஒண்டுதான் பொய். குளிசை உண்மை. அல்லாஹ்மேல ஆணையா உண்மை."

"எது உண்மை, எது பொய்யெண்டு நான் எப்படிகா பிரிக்கிற? எல்லாத்தையும் நீ ஒரே வாயாலதானே செல்ற. சஹன் பொய்யெண்டா குளிசையும் பொய்தான்."

"ரெண்டரை மாசம்கூட இல்லகா, முடிஞ்சிரும். இப்ப விட்டா வருத்தம் திரும்பி வரும், மருந்துக்கும் அடங்காது..."

"எனக்கு இப்ப இருமலில்ல, காய்ச்சலில்ல. எனக்கிருக்கிற வருத்தம் என்னண்டு செல்லட்டா? நீதான். நீ தையல் பேக்கத் தூக்கிட்டு வாறதப் பார்த்துத்தான் ஊருக்குத் தெரிஞ்சிச்சி. உன்ட முகத்த ஆருக்குத் தெரியாது இஞ்ச? நீ இனி வராத. வராட்டியே நான் சுகம்."

கேற்றைச் சாத்தினாள். காட்டில் அன்றைய கட்டம் வெறுமையாக இருந்தது.

ஜுனைதா நேரே கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொன்னாள், தன் பொய்யையும் சேர்த்து. பெனடிக் சேர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார், திட்டவில்லை. அவர் மோட்டார் சைக்கிளில் மூன்று தரம் போனார். முதல் தரம் நஸீறா இறக்காமம் ஊரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். இரண்டாம் தரம், அங்கேயே மருந்து எடுக்கிறாள் என்றார்கள். மூன்றாம் தரம் ஸைனுலாப்தீன் கேற்றுக்கு வெளியே வந்து, "சேர், என்ட பொண்டாட்டிக்கு ஒரு வருத்தமுமில்ல. உங்கட மோட்டார் சைக்கிள் இஞ்ச நிண்டாத்தான் வருத்தம்" என்று கைகூப்பினார்.

ஊருக்கு நஸீறா வேறு கதை சொன்னாள். "கிளினிக்கில என்ட மருந்துக் காட்ட வெட்டிட்டாங்க, முழுச் சுகம்." ஜுனைதா வீட்டுக்கு வருவது நின்றுவிட்டதால் சனம் அதை நம்பியது. ஒரு வீடு குடிபுகலில் ஒருத்தி துணிந்து அவள் பக்கத்தில் குந்தினாள். அடுத்த விருந்தில் மூன்று பேர். ஒரு மாதத்துக்குள், "நஸீறா எங்க, ஆறாவது ஆள் எங்க?" என்று பழையபடி தேடத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தக் கூத்தைப் பாருங்கள். அவளால் யாருக்கும் எதுவும் தொற்றாத காலத்தில் ஊர் அவளைவிட்டு எழும்பி ஓடியது. கிருமி திரும்பத் தலைதூக்கும் காலத்தில் ஊர் அவளைச் சுற்றிக் குந்தியது. ஜுனைதா தெருவோரம் நின்று பார்த்தாள். பளபளக்கும் அபாயா உடுத்து, ஆட்டோவுக்குள் நாலு பெண்களோடு நெருக்கியடித்துச் சிரித்துக்கொண்டு நஸீறா போனாள். ஜுனைதாவுக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மாதங்கள் போயின. நஸீறாவின் தங்கை ஸில்மியாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது, ஆண்பிள்ளை. அவர்களுடைய உம்மா மௌத்தாகிப் பல வருடம். அதனால் பிள்ளைப்பேற்று வீட்டைப் பார்க்க நஸீறாதான் வந்து தங்கினாள். குளிப்பாட்டுவது, தாலாட்டுவது, தோளில் போட்டுத் தூங்க வைப்பது எல்லாம் அவள்தான். ஸில்மியாவின் பக்கத்து வீட்டுக்குத் தைத்த சட்டை கொடுக்கப்போன ஜுனைதாவுக்கு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்டது. அடியில் தொடங்கி, ஈரமாக, முடிவில்லாமல் வருகிற இருமல். மூன்று வருடத்துக்கு முன் அவள் நெஞ்சிலிருந்து வந்த அதே சத்தம். இருமல் நின்றதும் பிள்ளை சிணுங்கியது கேட்டது. "ஓ ஓ, என்ட கிளி" என்று நஸீறா கொஞ்சினாள்.

ஜுனைதா அப்படியே போய் ஸில்மியாவின் கேற்றைத் தட்டினாள். திறந்தது நஸீறா.

"ஸில்மியாவோட ஒரு கதை..."

"அவ நித்திரை."

கதவுக்கும் நிலைக்கும் இடையில் தெரிந்த முகம் மெலிந்து, கன்ன எலும்பு தெரிந்தது.

"நஸீறா, என்னை ஏசு, அடி. ஆனா சளிய மட்டும் ஒருக்காச் சோதி. பச்சப் புள்ள இரிக்கி."

"பனி பட்ட தடிமன், வேறொண்டுமில்ல" என்று கதவு சாத்திக்கொண்டது.

பெனடிக் சேரும் போய்ப் பார்த்தார். வீட்டில் ஆம்பிளைகள் இல்லை, பிறகு வாருங்கள் என்று உள்ளேயிருந்து குரல் வந்ததாம். "நாலாந்தரமும் போவன் தங்கச்சி" என்றார். "ஆனா நீங்க வெளியில வாய் திறக்கப்படாது. ஒப்பம் வெச்சிருக்கிறீங்க."

பிள்ளைக்கு நாற்பதாம் நாள் விருந்து. ஜுனைதாவுக்கு அழைப்பில்லை. பகல் லுஹர் தொழுதுவிட்டு, இருப்பதில் நல்ல உடுப்பை உடுத்துக்கொண்டு போனாள். ஸில்மியாவைத் தனியாகப் பிடித்து, ஒருவருக்கும் கேட்காமல் காதில் சொல்வதுதான் எண்ணம். ஆனால் ஸில்மியா அறைக்குள் விருந்தாளிகளுக்கு நடுவில் இருந்தாள். உள் மண்டபத்தில் பாய் விரித்துப் பெண்கள் சஹன் சஹனாகக் குந்தியிருந்தார்கள். நடுச் சஹனில் நஸீறா, மடியில் பிள்ளை. அவளோடு நாலு பேர். ஆறாவது இடம் காலியாக இருந்தது.

ஜுனைதா போய்க் குந்தினாள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு சஹன். நெய்ச்சோற்றின் ஆவி முகத்தில் பட்டது. நஸீறாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "புள்ளைய என்ட கையில தா, தந்துட்டு என்னோட வா, கிளினிக்குக்குப் போவம்" என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அதற்குள் முதலாவது பெண் எழும்பிவிட்டாள். இரண்டாவது பெண் சாரியைத் தட்டிக்கொண்டு எழும்பினாள். மற்ற இரண்டு பேரும் ஒன்றாக எழும்பினார்கள், இந்த முறை யாரும் பொய்க் காரணம்கூடச் சொல்லவில்லை.

நஸீறா எழும்பாமல் இருந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த ஒரு கணத்தில் ஜுனைதா என்ன நினைத்தாள் தெரியுமா? இவள் இருப்பாள் என்று நினைத்தாள். ஆறு பேர் சோற்றுக்கு முன்னால் தனியாகக் குந்துவது எப்படியென்று இந்த மண்டபத்தில் இன்னொருத்திக்குத் தெரியுமென்றால் அது இவளுக்குத்தான்.

எழும்பி நின்ற நாலு பேரும் நஸீறாவைப் பார்த்தார்கள். நஸீறா முந்தானையால் வாயைப் பொத்தி ஒருக்கா இருமினாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவளும் எழும்பினாள்.

நோய்க்காரி சுகமானவளைக் கண்டு எழும்பிப் போகிறாள். ஜுனைதாவுக்கு ஒப்பம் வைத்த தாளும் மறந்தது, பெனடிக் சேரும் மறந்தார்.

"எழும்புங்க! எல்லாரும் எழும்புங்க! ஆனா அந்தப் புள்ளைய அவட தோளால வாங்கிட்டு எழும்புங்க! எனக்கு மூணு வருசமா ஒண்டுமில்ல. அவ குளிசைய இடையில விட்டு எத்தின மாசமெண்டு அவட்டக் கேளுங்க. அந்த இருமலக் கேட்டா உங்களுக்கு வெளங்கல்லயா?"

ஒருத்தி சொன்னாள், "தனக்கு வந்தத ஊருக்குப் பங்கு வைக்கப் பார்க்கிறா." இன்னொருத்தி, "நாற்பது நாள் புள்ளைக்கு முன்னால வைக்கிற வாயா இது?" என்றாள். நஸீறா சிரிக்கப் பார்த்தாள். "வயித்தெரிச்சல்கா. அவவோட ஒருத்தரும் குந்துறல்லதானே. என்னோட குந்துறாங்க, அதுதான்." சிரிப்பு இருமலாகி நீண்டது. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே எல்லோரும் ஜுனைதாவை முறைத்தார்கள்.

ஸில்மியா அறைவாசலில் வந்து நின்றாள். "என்ட புள்ளைட விசேசத்துல இப்படிச் செய்யலாமா ராத்தா? போங்க. தயவு செய்து போங்க."

கேற்றுக்கு வெளியே வந்து இருபது அடி நடந்திருப்பாள். பின்னாலே ஒரு சிறுமி ஓடிவந்து பார்சலொன்றை நீட்டினாள். "உங்களுக்காம் சாச்சி, சாப்பாடு." விருந்துக்கு வந்தவர்களைப் பட்டினியாக அனுப்பக்கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். ஜுனைதா வாங்கிக்கொண்டாள். சூடாக இருந்தது.

ஒருவரின் நோயை ஊரறியச் சொன்னாள் என்று கிளினிக்குக்கு முறைப்பாடு எழுத்தில் போனது. அடுத்த கிழமை பெனடிக் சேர் வீட்டுக்கே வந்தார். கிளினிக் அவளுக்குக் கொடுத்த காட்டுகளையும் பையையும் திரும்ப வாங்கவேண்டியிருந்தது.

"நீங்க சொன்னது சரி தங்கச்சி. சொன்ன இடம்தான் பிழை."

"சரியான இடம் எது சேர்?"

அவர் காட்டுகளைப் பைக்குள் அடுக்கினார். முகம்மது தம்பி கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கும் வெளியாள் அவர் ஒருவர்தான்.

ஆறு கிழமை கழித்து நஸீறா வாயால் ரத்தம் கொப்பளித்து விழுந்தாள். இம்முறை சாயமில்லை, ரத்தம்தான். ஆஸ்பத்திரி வாட்டில் தனியாக வைத்திருக்கிறார்கள், மருந்துக்கு அடங்காத கிருமியா என்று பார்க்கச் சளியைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று முகம்மது தம்பி சந்தையில் கேட்டு வந்து சொன்னான். அவளோடு சஹனில் குந்தியவர்களெல்லாம் கிளினிக்கில் வரிசையில் நிற்கிறார்களாம். "நீ செல்லக்குள்ள கேட்டிரிந்தா!" என்றான். ஜுனைதா தையல் மெசினை நிறுத்தவில்லை. சொன்னது பலித்துவிட்டது என்று சந்தோசப்பட வேண்டுமா? முதலில் பொய் சொன்னது யார்? அந்த ஒரு கோழிக்காலை வாயில் வைத்திராவிட்டால் நஸீறா அன்றைக்கு நம்பியிருப்பாள். எந்த வேலையில் கை இருந்தாலும் இது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம், ஸில்மியா வந்தாள். முன்வாசலால்தான் வந்தாள். தோளில் பிள்ளை, மேலே ஒரு துணி. படியேறவில்லை, முற்றத்திலேயே நின்றாள். ஸலாம் சொன்னாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, ஜுனைதாவும் எதிர்பார்க்கவில்லை.

"இவனுக்கும் வந்திட்டு ராத்தா. நிறை கூடல்ல, காய்ச்சல் விடல்ல. கிளினிக்கில மருந்து தந்திரிக்காங்க. தண்ணியில கரைச்சிக் குடுக்கட்டாம். மூணு நாளா துப்புறான். நர்ஸ் மிஸ்ஸுக்கிட்டக் கேட்டன், செல்லித்தந்தாங்க, எனக்குச் சரிவரல்ல. உங்களுக்குத் தெரியுமெண்டு..."

"தெரியும்" என்றாள் ஜுனைதா.

"சுகமாகுமா?"

"ஆகும். கிளினிக்கில நிப்பாட்டச் செல்ற வரைக்கும் ஒரு நாளும் விடாமக் குடுத்தா ஆகும்."

ஸில்மியா பிள்ளையின் முதுகைத் தடவினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "சுகமான மறுகா... சனம் இவனத் தூக்குமா?"

'ஏன் தூக்காம' என்ற வார்த்தை ஜுனைதாவின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எவ்வளவு சுகமான வார்த்தை. அவள் அதை விழுங்கினாள்.

"தூக்க மாட்டாங்க. எவ்வளவு காலத்துக்கெண்டு எனக்குத் தெரியா. எனக்கு இன்னும் முடியல்ல. அதுக்காக மருந்த விட்டுறாதீங்க. அது வேற, இது வேற."

ஸில்மியா அழுதாள். ஆனால் போகவில்லை.

"தாங்க, நான் குடுத்துக் காட்டுறன்" என்று ஜுனைதா படியிறங்கிக் கைகளை நீட்டினாள்.

ஸில்மியாவின் கால் ஒரு அடி பின்னால் போனது. பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அவளுக்கே அது பிறகுதான் தெரிந்திருக்கவேண்டும், முகம் கறுத்துப்போனது.

"இல்ல ராத்தா... நீங்க அங்க இரிந்தே செல்லுங்க. நான் பார்த்துக்குறன்."

ஜுனைதா இரண்டு படி மேலே ஏறிக் குந்தினாள். வெறும் இடது கையை நெஞ்சோடு மடித்து, அதில் பிள்ளை கிடப்பது போல வைத்துக்கொண்டாள்.

"இப்படிப் பிடிங்க, தலை கொஞ்சம் உயர. கொதிச்சாறின தண்ணி ஒரு கரண்டி. ஒரேயடியா ஊத்தாதீங்க, கன்னத்துப் பக்கமா, சொட்டுச் சொட்டா. முழுசாத் துப்பிட்டானெண்டா நீங்களா இன்னொண்டு குடுக்காதீங்க, கிளினிக்குக்கு எடுத்துக் கேளுங்க."

முற்றத்தில் நின்றபடி ஸில்மியா அவள் கையைப் பார்த்துப் பார்த்துத் தன் பிள்ளையை அதேபோல் சாய்த்துப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் உயர்த்துங்க" என்றாள் ஜுனைதா.